குளிர்நீர்த் தாங்கி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது?

கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படிக்கும் தம்பி கேட்டிருக்கிறார்: பெரிய வளாகங்களில் இரவில் நீரைக் குளிராக்கிச் சேமித்து, பகலில் ஏசிக்கு எடுக்கிறார்களே, அந்தத் தாங்கியை எப்படிக் கண்காணிப்பது?

நம்முடைய குளங்களில் குளித்திருப்பீர்கள். சித்திரை வெயிலில் நெஞ்சளவுத் தண்ணீர் வெதுவெதுவென்றிருக்க, காலடியில் மட்டும் சில்லிடும். அதே கதைதான். நீர் 4 பாகை செல்சியஸில்தான் மிக அடர்த்தி. அதனால் குளிர்நீர் அடியில் கிடக்கும், கட்டடங்களைச் சுற்றிச் சூடேறி வந்தது மேலே நிற்கும். நடுவே சுவர் கிடையாது, வெப்பநிலை சட்டென்று மாறும் ஒரு படலம்தான். உயரவாரியாகச் சென்சர்கள் வைத்துத் தினமும் ஒரே நேரத்தில் வரைந்து பாருங்கள். படலம் தடித்துக்கொண்டே போனால் நீர் உள்ளே வரும் வேகத்தைச் சந்தேகியுங்கள்.

நான் கட்டாரில் ஒரு வளாகத்தில் ஒப்பரேட்டராக இருந்தேன். காலையில் திரை ‘தாங்கி 100%’ என்று காட்டும், மதியம் 2 மணிக்குக் குளிர் தீர்ந்துவிடும். எல்லோரும் நீரைக் குளிராக்கும் இயந்திரமான சில்லரைத்தான் திட்டினோம், பாவம். கடைசியில் பார்த்தால், 5 பாகையில் போய் 13 பாகையில் திரும்ப வேண்டிய நீர் 9 பாகையிலேயே திரும்பிக்கொண்டிருந்தது. இரண்டு பழைய கட்டடங்களில் இருந்த மூவழி வால்வுகள் குளிர்நீரை, அறைக்காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளுக்குள் விடாமல் நேரே திரும்பு குழாய்க்குத் தள்ளியிருக்கின்றன. 1 கன மீட்டர் நீர் 1 பாகை சூடேற 1.163 கிலோவாட் மணி வேண்டும். ஆக 1000 கன மீட்டர் தாங்கி 8 பாகை வித்தியாசத்தில் ஏறக்குறைய 9,300 கிலோவாட் மணி குளிர் தரும், 4 பாகையில் அதில் பாதிதான். தாங்கி நிறைந்திருந்தது உண்மை, ஆனால் பாதிக் குளிரோடு நீர் ஓடித் தீர்ந்தது. வால்வுகளை மாற்றிய பிறகு மாலை வரை தாக்குப்பிடித்தது.

அப்புறம், சென்சரை அப்படியே நம்ப வேண்டாம். வித்தியாசமே 4 பாகை என்றால் அரைப் பாகைப் பிழை எட்டில் ஒரு பங்கு பொய். ஐஸ் கட்டிகள் நிறையப் போட்ட தண்ணீரில் வைத்துக் கலக்குங்கள், 0 காட்ட வேண்டும்.

இதைப் பழக ஒரு பிளாஸ்டிக் பீப்பாயும் ஐந்து சென்சரும் போதும். அடியிலிருந்து ஐஸ் தண்ணீரை ஒருமுறை மெதுவாக, ஒருமுறை வேகமாக விட்டு இரண்டு வரைபையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.