வார்டிலேயே கையெழுத்து வாங்கிய வக்காலத்து: விபத்து இழப்பீடு பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: என் கணவருக்கு வயது 34. ஏ.சி. மெக்கானிக்காகச் சொந்தத் தொழில் செய்கிறார். இரண்டு மாதங்களுக்கு முன் தாம்பரம் அருகே அவருடைய பைக் மீது சரக்கு வேன் ஒன்று மோதியதில் வலது கால் எலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். மூன்றாம் நாளே வார்டுக்கு வந்த ஒருவர், "கைச்செலவு ஒன்றும் வேண்டாம், வருகிற பணத்தில் 30 சதவீதம் கொடுத்தால் போதும்" என்று சொல்லி, வக்காலத்திலும் சில வெற்றுத் தாள்களிலும் கையெழுத்து வாங்கிப் போனார். இப்போது அவர் போனை எடுப்பதில்லை. வேறு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாமா? என் கணவர் அன்று ஹெல்மெட் அணியவில்லை என்பதால் வழக்கே நிற்காது என்கிறார்கள். உண்மையா? (வாசகி, செங்கல்பட்டு மாவட்டம்)

பதில்: தாராளமாக மாற்றிக்கொள்ளலாம். வக்காலத்து என்பது உங்கள் சார்பில் வழக்கு நடத்த நீங்கள் தரும் அதிகாரமே தவிர, வழக்கையே எழுதிக் கொடுத்துவிட்ட பத்திரம் அல்ல. முதலில், எந்த வழக்கறிஞரின் பெயரில் வக்காலத்து வாங்கப்பட்டதோ அவருக்கு, அதைத் திரும்பப் பெறுவதாகவும், வெற்றுத் தாள்கள் உட்பட எல்லாவற்றையும் திருப்பித் தர வேண்டும் என்றும் டெலிவரி ஆனதற்கான சான்றுடன் ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். வழக்கு ஏற்கெனவே தாக்கலாகியிருந்தால், புதிய வழக்கறிஞர் பழையவரிடம் ஒப்புதல் கேட்பது வழக்கம். கட்டணப் பாக்கியைக் காட்டி வழக்குக் கட்டுகளைப் பிடித்து வைக்க வழக்கறிஞருக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. தர மறுத்தால், சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் (வழக்கறிஞர்களுக்கான ஒழுங்குமுறை அமைப்பு) புகார் கொடுக்கலாம்.

அந்த 30 சதவீதப் பேச்சு செல்லாது. கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும், ஆள் அனுப்பி வழக்குப் பிடிப்பதையும் இந்திய பார் கவுன்சிலின் விதிகள் தடை செய்கின்றன. வழக்கறிஞர் தம் உழைப்புக்கு நியாயமான கட்டணம் கேட்பதில் தவறில்லை. அதை முன்கூட்டியே பேசி, எழுத்தில் வாங்கி, கொடுப்பதற்கெல்லாம் ரசீது கேளுங்கள்.

சதவீதம் என்பது சொல்லும்போது சின்னதாகத்தான் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் கணவரின் மாத வருமானம் 18,000 ரூபாய் என்று நிரூபணமானால் ஆண்டுக்கு 2,16,000 ரூபாய். நாற்பது வயதுக்கு உட்பட்ட சுயதொழிலருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் கூட்டினால் 3,02,400 ரூபாய். இந்த ஆண்டுத் தொகையை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள்; 31 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்கு அந்தப் பெருக்கு எண் 16. உழைக்கும் திறனில் 25 சதவீதம் போய்விட்டது என்று இழப்பீட்டை முடிவு செய்யும் தீர்ப்பாயம் ஏற்றால், வருமான இழப்புக்கு மட்டும் 12,09,600 ரூபாய் வருகிறது. மருத்துவச் செலவு, வலி வேதனை, உடனிருந்து கவனித்தவருக்கான செலவு ஆகியவை தனி. இந்த வருமான இழப்பில் மட்டும் 30 சதவீதம் என்றால் 3,62,880 ரூபாய். வார்டுக்கு வந்தவர் கேட்டது இதைத்தான்.

மருத்துவ வாரியம் தரும் ஊன சதவீதமும் உழைப்புத் திறன் இழப்பும் ஒன்றல்ல என்பதை 2010-இல் உச்ச நீதிமன்றம் விளக்கமாகச் சொல்லியிருக்கிறது. மேசையில் அமர்ந்து எழுதுபவருக்குக் கால் மடங்காதது ஒரு சிரமம். ஏணியில் ஏறி அவுட்டோர் யூனிட்டைக் கழற்றுகிறவருக்கு அது பிழைப்பே போன கதை. எனவே அவர் அன்றாடம் என்ன வேலை செய்தார் என்பதைச் சாட்சியத்தில் விரிவாகச் சொல்ல வேண்டும். வங்கிக் கணக்கு விவரம், யுபிஐ-யில் வந்த கூலி, உதிரி பாகம் வாங்கிய பில் என எது கிடைத்தாலும் சேர்த்து வையுங்கள். வருமானத்துக்கு ஆதாரம் இல்லையென்றால் தீர்ப்பாயம் தானாகவே ஒரு தொகையைக் கற்பித்துக்கொள்ளும். அது பெரும்பாலும் உண்மையான வருமானத்தைவிடக் குறைவாகவே இருக்கும்.

இன்னொரு தாளை இன்றே தேடி எடுங்கள். விபத்து நடந்த அன்று அவசர சிகிச்சைப் பிரிவில் பணி மருத்துவர் பதிவு செய்யும் ஏ.ஆர். காப்பியில் (விபத்துப் பதிவேட்டின் நகல்), விபத்து எப்படி நடந்தது என்று ஓரிரு வரிகள் இருக்கும். அந்தப் பதற்றத்தில், தூக்கிக்கொண்டு வந்தவர் யாராவது "வண்டியிலிருந்து விழுந்துவிட்டார்" என்று சொல்லியிருந்தால், அது "பைக்கிலிருந்து தானாக விழுந்ததாக" என்று பதிவாகியிருக்கும். பின்னாளில் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் பிடித்துக்கொள்வது அந்த வரியைத்தான். அப்படி இருந்தால், உண்மையில் நடந்ததை விசாரணை அதிகாரியிடம் தாமதமின்றி எழுத்தில் கொடுத்துவிடுங்கள். முதல் தகவல் அறிக்கை, மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, சம்பவ இட வரைபடம், வேனின் ஆர்.சி., இன்சூரன்ஸ் பாலிசி ஆகியவற்றின் நகல்களும் தேவை.

ஹெல்மெட் அணியாதது சட்டமீறல்தான், அபராதம் உண்டு. தலையில் அடிபட்டிருந்தால், காயம் கடுமையானதற்கு அதுவும் ஒரு காரணம் என்று சொல்லித் தொகையில் ஒரு பகுதியைக் குறைக்க இடம் உண்டு. வழக்கே நிற்காமல் போகாது. உங்கள் கணவருக்கு முறிந்தது கால். ஹெல்மெட் காலைக் காத்திருக்காது என்ற வாதம் வலுவானது.

மனுவை விபத்து நடந்த இடத்திலோ, நீங்கள் குடியிருக்கும் இடத்திலோ, எதிர்மனுதாரர் இருக்கும் இடத்திலோ அதிகார வரம்புள்ள மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்யலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போய்ப் பயனில்லை. எதிர் வாகனத்தின் பாலிசியில் நீங்கள் நுகர்வோர் அல்லர். உங்கள் பைக்கின் பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு எடுத்திருந்து, அதில் தகராறு வந்தால் மட்டுமே அந்த ஆணையமோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனோ (காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்) பயன்படும்.

காலக்கெடுவில் அலட்சியம் கூடாது. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி, விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் மனு தாக்கலாக வேண்டும். அந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன என்றாலும் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். உங்களுக்கு இன்னும் நான்கு மாதம்தான் இருக்கிறது.

கட்டணம் கொடுக்க வசதி இல்லையென்றால், நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு இலவசமாக வழக்கறிஞரை நியமிப்பார்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு இந்த வருமான வரம்பும் இல்லை.

கேள்வி: என் விபத்து வழக்கை லோக் அதாலத்தில் முடித்துக்கொள்ளலாம் என்று இன்சூரன்ஸ் நிறுவனம் கேட்கிறது. ஒப்புக்கொள்ளலாமா? (வாசகர், மதுரை)

பதில்: தொகை நியாயமாக இருந்தால் ஒப்புக்கொள்ளலாம், பணமும் சீக்கிரம் கைக்கு வரும். ஆனால் அங்கே கையெழுத்திட்டபின் மேல்முறையீடு கிடையாது. அறுவை சிகிச்சை மீதமிருந்தாலோ, ஊனச் சான்று இன்னும் வாங்காமல் இருந்தாலோ இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தீர்ப்பாயத்தின் தீர்ப்பில் தொகை குறைவாக வந்தால், 90 நாள்களுக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகும் வழி உங்களுக்கு இருக்கிறது.

கேள்வி: என் தம்பியை இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டது. நம்பர் தெரியவில்லை. யாரிடம் கேட்பது? (வாசகி, திருச்சி)

பதில்: அடையாளம் தெரியாத வாகனம் மோதிச் சென்றால், அரசின் திட்டத்தில் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும் கிடைக்கும். முதல் தகவல் அறிக்கை, மருத்துவச் சான்று ஆகியவற்றுடன் வருவாய்த் துறையின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் எந்த அதிகாரியிடம் கொடுப்பது என்று சொல்வார்கள். அதற்கு முன், அந்தச் சாலையிலுள்ள கடைகளின் சிசிடிவி பதிவுகளை உடனே எடுக்கச் சொல்லிக் காவல் நிலையத்தில் எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். பழைய பதிவுகள் சில நாள்களிலேயே அழிந்துவிடக்கூடும். நம்பர் கிடைத்துவிட்டால் தம்பிக்கும் தீர்ப்பாயத்தில் முழு இழப்பீடு கேட்கும் வழி திறந்துவிடும்.