'வாக் மீ த்ரூ' என்றால் நடந்து காட்டவா?

கேள்வி: பி.காம். முடித்திருக்கிறேன். போன வாரம் ஒரு வாக்-இன் இன்டர்வியூவில் 'வாக் மீ த்ரூ யுவர் ரெஸ்யூமே' என்றார்கள். நடக்கச் சொல்கிறார்களோ என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அவமானமாகப் போய்விட்டது. 'வாக்' என்றால் நடப்பதுதானே? வியாழக்கிழமை இன்னொரு இன்டர்வியூ இருக்கிறது.

பதில்: இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. வாக் என்றால் நட, ஈட் என்றால் சாப்பிடு என்று சொல்லுக்கு ஒரு பொருள் வீதம் உருப்போட வைத்து, பன்னிரண்டு வருஷம் மார்க் போட்டு அனுப்பிவிடுகிறோம். வாக்கியத்துக்குள் அந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்று யாரும் காட்டுவதில்லை. ஆங்கில ஆசிரியரான எனக்கே இதில் ஆத்திரம் உண்டு.

'வாக் மீ த்ரூ' என்றால் 'ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வாருங்கள்' என்று பொருள். தாள் அவர்கள் கையில் இருக்கிறது, அதனால் அதையே வாசிக்காதீர்கள். 'கல்லூரியில் டேலி கற்றேன், அதை வைத்து ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்குப் பார்த்தேன்' என்று ஒன்றைப் பிடித்து அடுத்ததற்குப் போங்கள். இரண்டு நிமிடம் போதும்.

வாக்-இன் என்றால் முன்கூட்டி நேரம் வாங்காமல் நேரே போகலாம், அவ்வளவுதான். இங்கேதான் புரோக்கர்கள் புகுந்துகொள்கிறார்கள். வாட்ஸ்ஆப்பில் 'வாக்-இன் டோக்கன்', 'ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ்' என்று காசு கேட்பார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம் என்பதற்குத்தான் அந்தப் பெயரே, அப்புறம் டோக்கனைக் காசுக்கு விற்பது எதற்கு? ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் காட்டுங்கள், ஆனால் விட்டுவிட்டு வராதீர்கள். என் மாணவி ஒருத்தி அதைத் திரும்ப வாங்க மூன்று மாதம் அலைந்தாள். 'முப்பது நாளில் இங்கிலீஷ்' என்று பணம் பறிப்பவர்களிடமும் போக வேண்டாம்.

வாக் அவுட் செய்திகளில் வரும் வெளிநடப்பு. வாக்ஓவர், எதிராளி வராததால் கிடைக்கும் வெற்றி. கிரிக்கெட்டில் 'ஹி வாக்ட்' என்றால், அவுட் என்று தனக்கே தெரிந்த பேட்ஸ்மேன் அம்பயர் விரலுக்குக் காத்திராமல் தானே வெளியேறினார் என்று பொருள். 2003 உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவின் கில்கிறிஸ்ட் அப்படித்தான் போனார்.

ஒன்றை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வாக்குக்குப் பின்னால் ஒரு ஆளோ பொருளோ வந்தால் பொருள் மாறும். 'ஐ வாக்ட் மை மதர் ஹோம்' என்றால் அம்மாவை நடக்க வைத்தேன் என்பதல்ல, கூடவே நடந்து வீட்டில் கொண்டுவிட்டேன். ஆனால் 'ஐ வாக்ட் தி பைக் ஹோம்' என்றால்? டயர் பஞ்சர், பஞ்சர் கடை பக்கத்தில் இல்லை, ஹேண்டில்பாரைப் பிடித்து உருட்டிக்கொண்டே வந்தேன். ஆளானால் துணைக்குப் போவது, வண்டியானால் தள்ளிக்கொண்டு போவது.

உச்சரிப்பும் முக்கியம். டாக் (பேசு), சாக் (சாக்பீஸ்) போல வாக்கிலும் எழுத்தில் இருக்கும் 'எல்' ஒலிக்காது. 'ஐ வொர்க் ஃப்ரம் ஹோம்' என்பதை 'ஐ வாக் ஃப்ரம் ஹோம்' என்றால் வீட்டிலிருந்து நடந்து வருவதாகத்தான் கேட்பவர் நினைப்பார். வியாழனுக்குள் இரண்டையும் மாற்றி மாற்றி உரக்கச் சொல்லிப் பாருங்கள்.