தொழில் கேள்வி – பதில்: கருகும் பிவிசி

கேள்வி: புதுக் கலவையில் வெள்ளையாக வரும் பிவிசி பைப், அரைவை (பழைய பைப்பை அரைத்த தூள்) பாதி சேர்த்தால் அதே 185 டிகிரியில் பழுப்பாக வருகிறது. அரைவை சுத்தமாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன்? (கோவை வாசகர்)

பதில்: அழுக்கைத் தேடாதீர்கள். அரைவை ஏற்கெனவே ஒரு முறை சூடு பார்த்த சரக்கு. பிவிசியின் எடையில் சுமார் 57 சதவீதம் குளோரின். சூடேறினால் அது பக்கத்து ஹைட்ரஜனையும் இழுத்துக்கொண்டு ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாகக் கழன்றுவிடும். ஓரிடத்தில் கழன்றால் அதை ஒட்டியது இன்னும் எளிதாகக் கழலும். சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் வரிசையாக ஏழெட்டு சேர்ந்ததும் மஞ்சள் தெரியும். வரிசை நீள நீள ஆரஞ்சு, பழுப்பு, கடைசியில் கருப்பு. வெளிவந்த வாயுவே மிச்சத்தையும் சிதைக்கத் தூண்டும்.

இதைத் தடுக்கப் போடும் ஸ்டெபிலைசர், வாயுவைப் பிடித்துப் பிடித்துத் தானே தீர்ந்துபோகும் பொருள். ஹாட் மிக்சரில் (கலவை கலக்கும் இயந்திரம்) கொஞ்சம், பேரலில் (சரக்கை உருக்கும் உருளை) நிறைய, பல்வரைசர் (தூளாக அரைக்கும் இயந்திரம்) பிளேடு சூட்டில் இன்னும் கொஞ்சம் என்று உங்கள் அரைவை அதைச் செலவழித்துவிட்டு வந்திருக்கிறது. கால்சியம்–துத்தநாக ஸ்டெபிலைசர் போட்ட சரக்கில் ஒரு வம்பு கூடுதல்: துத்தநாகம் வாயுவைப் பிடிக்கும்போது உண்டாகும் துத்தநாகக் குளோரைடு சிதைவை முடுக்கிவிடும். ஈயச் சரக்கு மெல்ல மஞ்சளாகி எச்சரிக்கும். கால்சியம்–துத்தநாகச் சரக்கோ சற்றுமுன் வரை வெள்ளையாக இருந்துவிட்டு ஒரேயடியாகக் கருகும்.

ஹீட்டரைக் குறைத்தால் போதுமா? ஓரளவுதான். அரைவையின் துகள்கள் முன்பே உருகி ஒட்டியவை. அதனால் பேரலில் சீக்கிரம் பிடித்துக்கொண்டு, ஸ்க்ரூவின் (பேரலுக்குள் சுழன்று சரக்கைத் தள்ளும் திருகு) தேய்ப்பில் தானாகவே சூடேறும். பேனல் 185 காட்டும்போது உள்ளே சரக்கு 200-ஐத் தாண்டியிருக்கலாம். முதலில் ஸ்க்ரூ வேகத்தைக் குறைத்து, மோட்டார் ஆம்பியரைப் பாருங்கள். பிறகு பேரலின் நடு மண்டலங்களின் சூட்டை ஐந்து ஐந்து டிகிரியாக இறக்குங்கள். ரொம்ப இறக்கினால் புதுக் கலவை சரியாக உருகாது. பைப்பைச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் விரிசல் விடும்.

அரைவை 100 கிலோவுக்கு அரை கிலோ ஒன்-பேக் (எல்லாம் ஒன்றாகக் கலந்து வரும்) ஸ்டெபிலைசர் கூடுதலாகச் சேர்த்துத் தொடங்குங்கள். போதுமா என்பதை அடுப்பு சொல்லும். புதுக் கலவைப் பைப்பிலும் அரைவைப் பைப்பிலும் ஒரே கனத்தில் துண்டுகள் வெட்டி 190 டிகிரி ஓவனில் வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு துண்டு எடுத்து அட்டையில் வரிசையாக ஒட்டுங்கள். புதுச் சரக்கு தாங்கும் நேரத்தில் பாதிகூட அரைவை தாங்காவிட்டால், ஸ்டெபிலைசரைக் கூட்டுவதைவிட அரைவையைக் குறைப்பதுதான் மலிவு.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டால்? (ஓசூர் வாசகர்)

பதில்: ஹீட்டர் அணைந்தாலும் பேரல் இரும்பின் சூடு அணையாது. நின்றுபோன சரக்கு உள்ளேயே வெந்துகொண்டிருக்கும். ஐந்து நிமிடத்துக்குள் கரண்ட் வந்தால் உடனே ஓட்டித் தள்ளிவிடுங்கள். நேரமானால் டையை (பைப்புக்கு வடிவம் தரும் அச்சு) கழற்றி முன்பக்கத்தைத் திறந்து வையுங்கள். வாயு அடைபட்டுச் சரக்கு பீய்ச்சலாம்; டைக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது. பேரல் ஆறிப்போயிருந்தால் 150–160-க்கு ஏற்றிய பிறகே ஸ்க்ரூவை மெதுவாகச் சுற்றுங்கள்; உறைந்த சரக்கோடு சுற்றினால் ஸ்க்ரூ உடையும். பின்னாலேயே பர்ஜ் காம்பவுண்ட் (பேரலைக் கழுவும் சரக்கு) அல்லது பாலிஎத்திலீன் போட்டுக் கழுவுங்கள். கரி பிடித்த இடத்தைப் பித்தளைச் சுரண்டியால் மட்டும் சுரண்டுங்கள். எஃகு பட்டால் குரோம் பூச்சு போய்விடும். பூச்சு போன இடத்தை அமில வாயு அரிக்கும். அரித்த குழியில் சரக்கு தங்கி அடுத்த தடவையும் கருகும்.

அசிட்டால் பிளாஸ்டிக்கை மட்டும் அந்தப் பேரலில் போட்டுவிடாதீர்கள். சூட்டில் பிவிசியும் அதுவும் சேர்ந்தால் இரண்டும் கடுமையாகச் சிதைந்து வாயுவாகச் சீறும், ஆளுக்கே ஆபத்து.

கேள்வி: எரிந்த நெடியே இல்லை, ஆனாலும் பைப் முழுக்கச் சாம்பல் கறுப்பாக வருகிறது. (மதுரை வாசகர்)

பதில்: ஈய ஸ்டெபிலைசர் போட்ட பழைய பைப்போடு, கந்தகம் கொண்ட வெள்ளீய ஸ்டெபிலைசர் போட்ட ஸ்கிராப் கலந்திருக்கும். இரண்டும் சேர்ந்து உண்டாக்குவது ஈய சல்பைடு. அதன் நிறமே கறுப்பு. இது சூட்டின் வேலை இல்லை, ஹீட்டரைத் திருகிப் பயனில்லை. பைப்பிலிருந்து ஈயத்தை நீக்க மத்திய அரசு விதி கொண்டுவந்தது 2021-இல்தான். அதற்கு முந்தைய பைப்பில் ஈயம் உண்டு என்றே வைத்துத் தனியாகப் பிரித்துவிடுங்கள். அரைக்கும்போது தூசு மாஸ்க் கட்டாயம்.

கேள்வி: பெட் பாட்டில் சில்லும் பிவிசியும் கலந்துவிட்டன. தண்ணீரில் பிரிக்கலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: முடியாது, இரண்டும் மூழ்கும். பெட் உருக ஏறக்குறைய 250 டிகிரி வேண்டும். அதற்குள் பிவிசி கரியாகிவிடும். பிவிசி சூட்டில் ஓட்டினாலோ பெட் உருகாமல் கல்லாக நிற்கும். சந்தேகச் சில்லைச் சோதிக்க, செம்புக் கம்பியைச் சுடரில் பழுக்கக் காய்ச்சிச் சில்லின்மேல் தொட்டு மறுபடி சுடரில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் குளோரின், அதாவது பெரும்பாலும் பிவிசி. துளி போதும், ஜன்னல் திறந்திருக்கட்டும்.