கேள்வி–பதில்: பர்மாவுக்குப் போன பாட்டா

எங்கள் பாட்டா 1943இல் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா பக்கம் போனவர். மறுவருடம் மலேரியாவில் இறந்ததாகத் தந்தி வந்தது. கல்லறை எங்கே இருக்கும்? காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடியும் பெயர் இல்லை. நாங்கள் இந்துக்கள்.
– வாசகர், குழித்துறை

கல்லறையை விட்டுவிட்டுப் பெயரைத் தேடுங்கள். இந்து, சீக்கிய வீரர்களை அவரவர் முறைப்படி எரியூட்டியிருந்தால் தனிக் கல் இருக்காது. நினைவுச் சுவரில் பெயர் இருக்கும். இம்பாலில் அப்படி 868 பேர், கோகிமாவில் 917 பேர். எல்லை தாண்டி இறந்திருந்தால் யாங்கோனுக்கு (பழைய ரங்கூன்) வடக்கே சுமார் 35 கிலோமீட்டரில் உள்ள தௌக்கியான் போர்க் கல்லறைத் தோட்டத்தைப் பாருங்கள்.

தௌக்கியான் 1951இல் தொடங்கியது. அக்யாப், மாண்டலே, மெய்க்திலா, சாமாவ் ஆகிய நான்கு போர்க்களக் கல்லறைகளுக்குப் போய்வர வழி சரியில்லை, பராமரிக்கவும் முடியவில்லை. அதனால் உடல்களை எடுத்து இங்கே கொண்டுவந்தார்கள். ஒரே களத்தில் விழுந்தவர்களை இங்கேயும் சேர்த்தே வைத்தது பெரிய காரியம். ஆனால் போருக்குப் பின் பர்மாவில் கலவரம் நீண்டதால் வேலை தடைபட்டது. திரும்பத் தொடங்குவதற்குள் காட்டிலும் சாலையோரத்திலும் இருந்த பல குழிகள் அடையாளமே இல்லாமல் போயிருந்தன. இன்று அங்கே 6,374 கல்லறைகள். அவற்றில் 867 பேரின் பெயர் தெரியாது. கல்லறையே இல்லாத ஏறக்குறைய 27,000 பேரின் பெயர்கள் நடுவிலுள்ள ரங்கூன் நினைவகத்தின் தூண்களில் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. உங்கள் பாட்டா அங்கே இருந்தால் எந்தத் தூண்முகம் என்று ஆணையத்தின் பதிவே எண்ணோடு சொல்லும்.

தேடும்போது தவறுவது பெரும்பாலும் எழுத்தில்தான். தங்கையன் என்பவரைக் காதில் விழுந்தபடி தங்கய்யா, டங்கையா என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம். முழுப்பெயர் போடாமல் முதல் நான்கைந்து எழுத்துகளை மட்டும் போடுங்கள். கன்னியாகுமரி மாவட்டத்தின் பெயரில் தேடினால் ஒன்றும் வராது. அன்று நாம் திருவிதாங்கூர், தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1இல்தான். கூடுதல் தகவல் கட்டத்தில் 'டிராவன்கூர்' என்று ஆங்கிலத்தில் இட்டு, 'இந்திய ராணுவம்', இறந்த ஆண்டு இரண்டையும் சேர்த்துத் தேடுங்கள். மெட்ராஸ் ரெஜிமெண்டில் மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். நம் பக்கத்து ஆட்கள் சாப்பர் (பாலம், பாதை போடும் படைவீரர்), லாரி டிரைவர், ஆஸ்பத்திரிப் பணியாளாகவும் போனவர்கள்.

எல்லாவற்றையும்விட உறுதியானது படை எண். தந்தியிலோ பென்ஷன் புத்தகத்திலோ இருக்கும். பதக்கம் இருந்தால் விளிம்பையும், நட்சத்திரப் பதக்கமானால் பின்புறத்தையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பளபளக்க வேண்டுமென்று புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், பொறித்த எழுத்து மழுங்கிப்போகும்.

அப்படியும் பெயர் கிடைக்காவிட்டால், சேர்க்கச் சொல்லி ஆணையத்துக்கு எழுதலாம். 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பணியில் இருந்தபடி இறந்தவர் எவரும் தகுதியுள்ளவரே. மலேரியாவில் செத்தவர் போர்வீரர் கணக்கில் வரமாட்டார் என்று பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள், அது தவறு. பணியில் இருந்தார், இன்ன தேதியில் இறந்தார் என்ற இரண்டுக்கும் அரசு ஆவணம் வேண்டும். அசலை அனுப்பாதீர்கள், நகல் போதும். படைப்பிரிவின் பதிவு அலுவலகத்துக்கு எழுத நாகர்கோவில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி கேளுங்கள்.

உதயகிரிக் கோட்டை டிலனாய் கல்லறையும் போர்க் கல்லறைதானா?
– வாசகி, தக்கலை

இல்லை. 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படைத்தலைவர் அவர். மார்த்தாண்ட வர்மாவின் படையைப் பழக்கி, 36 ஆண்டுகள் கழித்து 1777இல்தான் இறந்தார். கல்லில் லத்தீனோடு தமிழும் இருக்கிறது, நின்று வாசியுங்கள்.

சென்னைக்குப் போகும்போது பார்க்கக்கூடிய போர்க் கல்லறை உண்டா?
– வாசகர், இரணியல்

நந்தம்பாக்கத்தில் 1952இல் அமைத்தது. தென்னிந்தியாவிலும் கிழக்கிலும் பல ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் கவனிக்க ஆளில்லாமல் கிடந்தவற்றைச் சேர்த்து 856 கல்லறைகள். முதல் உலகப் போரில் இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்களும் அங்கே உண்டு. பூ வைக்கலாம், மெழுகுவர்த்தியைக் கல்லின் மேல் ஒட்டாதீர்கள், மெழுகுக் கறை கல்லில் ஊறிவிட்டால் பிறகு போகாது.