ப்ரீசெட்டைத் தொடுமுன்: ஆர்.பி.எம் மீட்டர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்.பி.எம் மீட்டர் பற்றித்தான். எத்தனை சிலிண்டர், பெட்ரோலா டீசலா என்று எழுதாமல் 'மீட்டர் தப்பாகக் காட்டுகிறது' என்று மட்டும் எழுதினால் நான் என்ன பதில் சொல்ல? விவரம் எழுதியவர்களுக்கு மட்டும் இங்கே பதில்.

நாலு சிலிண்டர் பெட்ரோல், டிஸ்ட்ரிபியூட்டர் (சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் பாகம்) உள்ள வண்டி. சிக்னல் ஜெனரேட்டரில் (சோதனைக்குத் துடிப்பு கொடுக்கும் கருவியில்) எத்தனை ஹெர்ட்ஸ் வைத்தால் எவ்வளவு காட்ட வேண்டும்? (அம்பாசமுத்திரம்)

ஹெர்ட்ஸை 30-ஆல் பெருக்குங்கள். 50 வைத்தால் 1500, 100 வைத்தால் 3000. மூன்று சிலிண்டருக்கு 40, ஆறு சிலிண்டருக்கு 20. சதுர அலை, 12 வோல்ட். 5 வோல்ட்டுக்குப் பல பழைய மீட்டர்கள் அசையாது.

மாருதி 800-ல் வெளியே வாங்கி மாட்டிய மீட்டர் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) 600 காட்டுகிறது. உண்மையில் 800 இருக்கும். ப்ரீசெட்டைத் (முள்ளைச் சரிசெய்யும் குட்டித் திருகை) திருப்பவா? (தென்காசி)

திருப்பாதீர்கள். அது மூன்று சிலிண்டர் வண்டி, மீட்டர் நாலில் நிற்கிறது, அதனால் முக்கால் பங்குதான் காட்டும். பின்னால் சுவிட்ச் இருக்கும். அதில் 3 இல்லையென்றால் 6-ல் வைத்து, காட்டுவதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஷெட்டில் ஐடிலில் முள்ளைச் சரியாக வைத்துக் கொடுத்தார்கள். நாலுவழிச் சாலையில் ஏறினால் அதிகமாகக் காட்டுகிறது. நாலு சிலிண்டர் பெட்ரோல். (வள்ளியூர்)

இதைப் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்கத்தான் ஆளில்லை. ஐடிலில் வைத்துச் சரி பார்ப்பது சரிபார்ப்பே இல்லை. 8000 வரை உள்ள மீட்டரில் ஐடில் என்பது அடியிலுள்ள பத்தில் ஒரு பங்கு, அங்கே முள்ளின் அகலமே ஐம்பது ஆர்.பி.எம்மை மறைத்துவிடும். 700 காட்டுவதை 800-க்கு ஏற்ற ப்ரீசெட்டைத் திருப்பினால் 3000-ல் நானூறு கிட்ட ஏறிவிடும், உங்கள் வண்டியில் நடந்தது அதுதான்.

முதலில் எர்த் (பாடியில் மாட்டும் நெகட்டிவ் இணைப்பு) பாருங்கள். ஹெட்லைட் போட்டதும் முள் நகர்ந்தால் கோளாறு மீட்டரில் இல்லை, எர்த்தில். அது சரி என்றால் மீட்டரைக் கழற்றி மேஜையில் வைத்து, ஓடும் வண்டியில் வருகிற மாதிரி 13.8 வோல்ட் கொடுத்து, பத்து நிமிடம் சூடாக விடுங்கள். அப்புறம் 33, 100, 167 ஹெர்ட்ஸ் கொடுத்தால் 1000, 3000, 5000 காட்ட வேண்டும். கண்ணாடியை விரலால் லேசாகத் தட்டிவிட்டுப் படியுங்கள். ப்ரீசெட்டை 3000-ல் மட்டும் வையுங்கள். அதன் பிறகும் 1000-ல் கொஞ்சம் குறைந்தால் குறையட்டும், விட்டுவிடுங்கள்.

திருப்புவதற்கு முன் ப்ரீசெட்டின் தலையிலிருந்து போர்டு வரை நகச்சாயத்தால் ஒரு கோடு போடுங்கள். வேலை கற்ற காலத்தில் பாளையங்கோட்டையில் ஒரு ஷெட்டில் அந்தக் கோடு போடாமல் திருப்பி, பழைய இடம் தெரியாமல், வண்டிக்காரரைச் சாயங்காலம் வரை உட்கார வைத்தேன். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

ஜெனரேட்டர் வாங்க வசதி இல்லை. (களக்காடு)

12 வோல்ட் டிரான்ஸ்பார்மர் போதும். ஒரு டயோடு போட்டால் 50 ஹெர்ட்ஸ், பிரிட்ஜ் போட்டால் 100. குறுக்கே ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் வையுங்கள், கெப்பாசிட்டர் கூடாது, போட்டால் துடிப்பே போய்விடும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸை ஒட்டியே ஓடும், மீட்டர் முள்ளுக்கு அது தாராளம். மீட்டருக்கும் இந்த டிரான்ஸ்பார்மர் சர்க்யூட்டுக்கும் எர்த் ஒன்றாக இருக்கட்டும்.

புல்லியில் ஸ்டிக்கர் ஒட்டி போட்டோ டேக்கோமீட்டரில் (ஒளி பட்டுத் திரும்புவதை எண்ணிச் சுற்றைக் காட்டும் கருவியில்) பார்த்தால் எப்போதும் 6000. (மேலப்பாளையம்)

டியூப்லைட்டை அணையுங்கள். பழைய சோக் வைத்த குழல் விளக்கு நொடிக்கு நூறு தடவை மினுக்கும், நிமிடத்துக்கு 6000. கருவி அதைத்தான் எண்ணுகிறது.

டீசல் ஜீப். எங்கே வயர் எடுப்பது? (சங்கரன்கோவில்)

டீசலில், பெட்ரோல் வண்டி போலத் தீப்பொறிக்கான காயில் (coil) கிடையாது, ஆல்டர்னேட்டரின் டபிள்யூ (W) என்ற துடிப்பு தரும் முனையில் எடுக்கணும். புல்லி அளவும் துருவ எண்ணிக்கையும் வண்டிக்கு வண்டி மாறுவதால் கணக்குப் போட்டு வைக்காதீர்கள், கிராங்க் புல்லியில் போட்டோ டேக்கோமீட்டர் பிடித்து 2000-ல் ப்ரீசெட்டை வையுங்கள். அதற்கு முன்னால், மறுபடியும், எர்த்.

வண்டி ஓடும்போது காயிலிலேயே ஜெனரேட்டரை மாட்டினேன், புகைந்துவிட்டது. (நாங்குநேரி)

பாயிண்ட் (காயிலுக்குப் போகும் கரண்டை விட்டுவிட்டுத் தரும் சுவிட்ச்) திறக்கும்போது அந்த முனையில் இருநூறு முந்நூறு வோல்ட் குதிக்கும். மீட்டரைக் கழற்றித்தான் சோதிக்க வேண்டும் என்று போன தடவையே எழுதியிருந்தேன். ஜெனரேட்டரின் வெளியீட்டு பகுதியைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் போயிருக்கும்.

புது காரில் முள்ளைச் சரிசெய்ய ப்ரீசெட் எங்கே? (திசையன்விளை)

இல்லை. அதில் முள்ளை நகர்த்துவது ஸ்டெப்பர் மோட்டார், எண்ணைக் கணினி அனுப்புகிறது. ஸ்கேனரில் வரும் எண்ணோடு ஒத்துப் பாருங்கள், மாறினால் கிளஸ்டரை (டேஷ்போர்டில் மீட்டர்கள் இருக்கும் தொகுப்பை) கழற்றிக் காட்டுங்கள். முள்ளைப் பிடுங்கிக் குத்தவே கூடாது.