பிரிந்துபோகும் உரிமை: கேள்வி பதில்

சிறுபான்மை மக்கள் செறிந்து வாழும் ஒரு பகுதிக்குத் தனிநாடாகப் பிரிந்துபோகும் உரிமை வேண்டுமா? அரசியலமைப்புச் சட்டம் கற்பிப்பவன் என்பதால் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. இந்த முறை வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (கோவை): பிரிய விரும்பும் மக்கள் பிரிந்துவிடலாம் என்று சர்வதேசச் சட்டம் சொல்கிறதா சார்?

சொல்லவில்லை. கூடாது என்றும் சொல்லவில்லை. சுயநிர்ணய உரிமை காலனி நாடுகளுக்கும் அந்நிய ஆக்கிரமிப்பில் இருப்பவர்களுக்கும்தான் தெளிவாக ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. மற்றவர்கள் நிலை இழுபறிதான். 2008இல் கொசோவோ செர்பியாவிலிருந்து பிரிந்து சுதந்திரம் அறிவித்தபோது, செர்பியாவின் முயற்சியால் விவகாரம் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த அறிவிப்பு சர்வதேசச் சட்டத்தை மீறவில்லை என்று 2010இல் நீதிமன்றம் கருத்துச் சொன்னது. பிரியும் உரிமை உண்டா என்பதற்குள் அது போகவே இல்லை.

கேள்வி (சென்னை): சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், உங்கள் நிலைப்பாடு என்ன?

வெளியேறுவதற்குச் சட்டத்தில் ஒரு வழி இருக்க வேண்டும். அது எளிதான வழியாக இருக்கக் கூடாது. இதற்கு நான் பார்த்தவரை மிக நேர்மையான விடை கனடாவிலிருந்து வந்தது.

1995 அக்டோபர் 30 அன்று, பிரெஞ்சு மொழி பேசுவோர் செறிந்த கியூபெக் மாகாணத்தில் கனடாவிலிருந்து பிரிவது பற்றிப் பொதுவாக்கெடுப்பு. 93 சதவீதத்துக்கும் மேல் வாக்குப்பதிவு. வேண்டாம் என்றவர்கள் 50.58 சதவீதம், வேண்டும் என்றவர்கள் 49.42 சதவீதம். சுமார் 54,000 வாக்குகளில் ஒரு நாடு தப்பியது. அதிலும் கேட்கப்பட்ட கேள்வி, ‘பிரிய வேண்டுமா’ என்று நேராக இல்லை. கனடாவுக்குப் புதிய பொருளாதார, அரசியல் கூட்டுறவை முறைப்படி முன்வைத்த பிறகு, இன்ன மசோதாவுக்கும் இன்ன தேதி ஒப்பந்தத்துக்கும் உட்பட்டு கியூபெக் இறையாண்மை பெற ஒப்புக்கொள்கிறீர்களா என்று நீண்டது. ஆம் என்று போட்டவர்களில் எத்தனை பேர் முழுப் பிரிவை நினைத்துப் போட்டார்கள்? யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அப்புறம் 1998இல் கனடா உச்ச நீதிமன்றம் ஒரு கருத்துரை வழங்கியது. கியூபெக் தன்னிச்சையாகப் பிரிய முடியாது. ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை ‘ஆம்’ என்றால், மற்ற மாகாணங்களும் மத்திய அரசும் பேச்சுவார்த்தைக்கு வந்தே தீர வேண்டும். பிரிகிறவர்களுக்கும் கடமை உண்டு, இருக்கச் சொல்கிறவர்களுக்கும் கடமை உண்டு. என் நிலைப்பாடு கிட்டத்தட்ட இதுதான்.

கேள்வி (நெல்லை): தெளிவான பெரும்பான்மை என்றால் எத்தனை? பாதிக்கு மேல் ஒரு ஓட்டு போதாதா?

நீதிமன்றம் எண் எதுவும் சொல்லவில்லை. 2006இல் செர்பியாவிடமிருந்து பிரிய மாண்டினீக்ரோவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 55 சதவீதம் என்று வரம்பு வைத்தது. 55.5 கிடைத்தது, பிரிந்தது. செயின்ட் கிட்ஸோடு ஒரே நாடாக இருக்கும் கரீபியத் தீவான நெவிஸ் பிரிய, அந்நாட்டு அரசியலமைப்பு மூன்றில் இரண்டு பங்கு கேட்கிறது. 1998இல் ஏறத்தாழ 62 சதவீதம் பேர் பிரிவதற்கு வாக்களித்தும் நடக்கவில்லை. எனக்கு 55 சரியாகப் படுகிறது. நெவிஸில் நடந்தது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

கேள்வி (சேலம்): பிரியும் பகுதிக்குள்ளேயே இன்னொரு சிறுபான்மை இருந்தால்?

எல்லோரும் தாண்டிப் போகிற கேள்வி இது. எனக்கு இதுதான் முக்கியம். கியூபெக்கின் வடபகுதி கிரீ பழங்குடியினரின் தாயகம். மாகாணத்தின் பெரிய நீர்மின் அணைகள் ஜேம்ஸ் விரிகுடாப் பக்கம் அவர்கள் நிலத்தில்தான் இருக்கின்றன. மாகாண வாக்கெடுப்புக்குச் சில நாட்கள் முன்பு அவர்கள் தனியாக ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். 96 சதவீதம் பேர் தங்கள் சம்மதமில்லாமல் கனடாவிலிருந்து பிரிக்கப்படக் கூடாது என்றார்கள். கனடாவைப் பிரிக்கலாம், கியூபெக்கைப் பிரிக்கக் கூடாது என்று ஒருவர் சொன்னால், அவர் பேசுவது உரிமையைப் பற்றியல்ல, எல்லைக்கோட்டைப் பற்றி.

சுவிட்சர்லாந்து இதற்கு ஒரு நடைமுறை கண்டது. அங்கே ஜூரா பகுதி பிரிந்தது நாட்டிலிருந்து அல்ல, பெர்ன் மாநிலத்திலிருந்து. ஆனால் முறை பொருந்தும். 1974இல் ஜூரா பகுதி முழுவதும் வாக்களித்தது. பிறகு இருக்க விரும்பிய மாவட்டங்கள் தனியாக, அதன்பின் எல்லையோர ஊர்கள் தனித்தனியாக வாக்களித்தன. 1979இல் ஜூரா தனி மாநிலமானது. மூட்டியே என்ற சிறு நகரம் எந்த மாநிலத்தில் இருப்பது என்ற தகராறு மட்டும் பல பத்தாண்டுகள் நீண்டது. 2017 வாக்கெடுப்பு முறைகேட்டால் ரத்தானது. 2021இல் மறுபடி நடத்தினார்கள். மெதுவான வழிதான், ஆனால் ஊர் ஊராகக் கேட்டார்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): எங்கட நாட்டிலே பிரிவினை பற்றிப் பேசுறதே குற்றம். அப்படியிருக்க இதெல்லாம் எப்படிப் பொருந்தும், ஐயா?

தனித் தமிழீழம் கோரிய 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானத்துக்குப் பின், 1977 தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி அந்தக் கோரிக்கையை முன்வைத்துத் தமிழ்ப் பகுதிகளில் வென்றது. 1983இல் வந்த அரசியலமைப்பின் ஆறாம் திருத்தம் பிரிவினையை அமைதியாக ஆதரிப்பதையும் தடை செய்தது. பிரிவினைக்கு எதிரான உறுதிமொழி எடுக்க மறுத்த அந்தக் கட்சி உறுப்பினர்கள் பதவி இழந்தார்கள். பேசித் தீர்க்கக்கூடியவர்களை நாடாளுமன்றத்திலிருந்து வெளியேற்றினால் எஞ்சுவது யார் கை? கூட்டாட்சி கேட்பது பிரிவினை ஆகாது என்று 2017இல் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததை நான் வரவேற்கிறேன். அது மிகத் தாமதமாக வந்தது.

கேள்வி (ஓசூர்): எத்தியோப்பிய அரசியலமைப்பிலேயே இந்த உரிமை இருக்கிறதாமே?

39ஆம் பிரிவு. வழிமுறையோடு எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த வழியில் யாரும் பிரிந்ததில்லை, 2020இல் அந்நாட்டின் வட மாநிலமான டிக்ரேயில் போர்தான் வந்தது. சுதந்திரமான நீதிமன்றமும் தேர்தலும் இல்லாத இடத்தில் அந்த வாசகம் யாரையும் காப்பாற்றாது.

கேள்வி (தஞ்சாவூர்): தென் சூடானைப் பாருங்கள். பிரிந்து என்ன கண்டார்கள்?

2011இல் ஏறத்தாழ 99 சதவீதம் பேர் பிரிவுக்கு வாக்களித்தார்கள். பத்தாண்டுக்கணக்கான போருக்குப் பின் அவர்களைச் சேர்ந்திருக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் எண்ணெய் தெற்கில், குழாய் வடக்கு வழியே துறைமுகத்துக்கு. கட்டணத் தகராறில் 2012இல் உற்பத்தியையே நிறுத்தினார்கள். இரு தரப்பும் உரிமை கோரும் எல்லையோர அபியே பகுதிக்கு உறுதியளிக்கப்பட்ட வாக்கெடுப்பு அப்போது நடக்கவே இல்லை. 2013இல் உள்நாட்டுப் போர். குழாய், கடன், எல்லை, குடியுரிமை எல்லாவற்றையும் சுதந்திர நாளுக்கு முன்பே பேசி முடித்திருக்க வேண்டும்.

கேள்வி (மதுரை): ஒருமுறை தோற்றால் மறுபடி எப்போது கேட்கலாம்?

பிரிட்டனில் வட அயர்லாந்துக்கு மட்டும் சட்டத்தில் விடை இருக்கிறது: இரண்டு வாக்கெடுப்புகளுக்கு இடையே குறைந்தது 7 ஆண்டுகள். ஸ்காட்லாந்து 2014இல் 55க்கு 45 என்று பிரிய மறுத்தது. லண்டன் சம்மதமில்லாமல் மறுபடி நடத்த முடியாது என்று 2022இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எப்போது சம்மதிப்பார்கள் என்பதற்கு விதியே இல்லை. அங்கேயும் ஓர் ஆண்டுக் கணக்கை எழுதி வைக்கலாம். நான் 15 என்பேன்.