அமைச்சரவை கூடியதா? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அரசுப் பணித் தேர்வுகளுக்குப் படித்துவருகிறேன். நாட்டின் நிர்வாக அதிகாரம் குடியரசுத் தலைவரிடம் இருக்கிறது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் பிரிவு 53. பிரிவு 74-க்கு வந்தால், அவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் நடக்க வேண்டும் என்கிறது. மறுக்க முடியாத ஆலோசனைக்கு எதற்கு ஒரு கையெழுத்து? 340 அறைகள் கொண்ட மாளிகையில் ஒரு ரப்பர் ஸ்டாம்பை வைத்துச் செலவழிப்பதைவிட, ஆளப்போகிறவரை அமெரிக்காவைப் போல மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் என்ன? எப்படியும் நாம் பிரதமரைத் தேர்ந்தெடுக்கத்தானே வாக்களிக்கிறோம்?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்,

தேர்வுக்குப் படிப்பவர்களின் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை; அதற்கு வழிகாட்டி நூல்கள் இருக்கின்றன. ஆனால் உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நெருக்கடிநிலை பற்றிய ஷா கமிஷன் அறிக்கையை மறுபடியும் புரட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் கை வைத்திருப்பது அதே இடத்தில். தவிரவும், பிரிவு 53-ஐயும் 74-ஐயும் தனித்தனியாக மனப்பாடம் செய்துவிட்டுப் போகாமல், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒன்றோடொன்று முட்டுகின்றனவே என்று திகைத்திருக்கிறீர்கள். அந்தத் திகைப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது; தேர்வு முடிந்த பிறகும் அதைத் தொலைத்துவிடாதீர்கள். அப்படித் திகைக்கத் தெரிந்தவர் அடுத்த வரியிலேயே, ஊரெல்லாம் மென்று துப்பிய ‘ரப்பர் ஸ்டாம்ப்’ என்ற சொல்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டதுதான் எரிச்சலாக இருந்தது.

மாளிகையின் அறைகளை எண்ணும் வேலையை விட்டுவிடுவோம். அது வைஸ்ராய்க்காகக் கட்டப்பட்ட வீடு. குடியரசு அதில் குடிபுகுந்தது, அவ்வளவுதான். நேரடித் தேர்தல் பற்றியும் அதிகம் சொல்ல மாட்டேன். நாடாளுமன்ற முறையை வைத்துக்கொண்டே பிரதமரை மட்டும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதை இஸ்ரேல் 1996, 1999, 2001 ஆகிய மூன்று தேர்தல்களில் செய்து பார்த்தது. பிரதமருக்கு ஒரு வாக்கு, கட்சிக்கு ஒரு வாக்கு என்று ஆனதும், இரண்டாவது வாக்கை மக்கள் சிறு கட்சிகளுக்குத் தாராளமாக வழங்கினார்கள். நாடாளுமன்றம் சிதறியது; பிரதமரின் கை ஓங்கவில்லை. சட்டத்தை நீக்கிவிட்டுப் பழைய முறைக்கே திரும்பினார்கள்.

ஆனால் உங்கள் கடைசி வரியை அப்படித் தள்ளிவிட்டுப் போக முடியவில்லை. பிரதமரைத் தேர்ந்தெடுக்க நீங்கள் வாக்களிக்கவில்லை, ஆர். உங்கள் தொகுதியின் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க வாக்களித்தீர்கள். அவரைப் போன்ற 543 பேர் கொண்ட மக்களவை யாரைத் தாங்கிப் பிடிக்கிறதோ அவர் பிரதமர். பிடியை விட்டால் அவர் முன்னாள் பிரதமர். 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று ஒரே வாக்கில் கவிழ்ந்தபோது, அவர்மீது எந்தக் குற்றமும் நிரூபிக்கப்பட வேண்டியிருக்கவில்லை. ஓர் அமெரிக்க அதிபரைப் பதவிக்காலத்தின் நடுவே இறக்க வேண்டுமென்றால், கீழவை குற்றம் சாட்டி, மேலவையில் மூன்றில் இரண்டு பங்கினர் அவரைக் குற்றவாளி என்று தீர்மானித்தாக வேண்டும். இங்கே நம்பிக்கை போய்விட்டது என்பதே போதுமானது. ஜெர்மானியர்கள் இதிலும் ஓர் எச்சரிக்கை வைத்திருக்கிறார்கள்: அடுத்த சான்சலரைத் தேர்ந்தெடுத்துக் காட்டினால்தான் இருப்பவரை மக்களவை நீக்க முடியும். 1982-ல் ஹெல்முட் ஷ்மிட் போய் ஹெல்முட் கோல் வந்தது அப்படித்தான்.

சரி, மக்களவை தன் நம்பிக்கையை யார்மீது வைக்கிறது? இதைப் பேசத் தொடங்கினால் என் நண்பர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள், நீங்களாவது பொறுத்துக்கொள்ளுங்கள். பிரிவு 75 சொல்வது அமைச்சர்களின் கூட்டுப் பொறுப்பை. 74-ஐ மறுபடி படியுங்கள்: ஆலோசனை சொல்வது பிரதமர் என்று அங்கே இல்லை, பிரதமரைத் தலைவராகக் கொண்ட அமைச்சரவை என்று இருக்கிறது. அந்த ஆலோசனை எப்படி உருவாக வேண்டும் என்பதற்குப் பிரிவு 77-இன்கீழ் 1961-ல் அலுவல் நடத்தை விதிகளும் வகுத்திருக்கிறார்கள். ஒரு துறை பெரிய முடிவொன்றை எடுக்க விரும்பினால் முதலில் குறிப்பு தயாரிக்க வேண்டும். தொடர்புள்ள மற்றத் துறைகளுக்கு அதை அனுப்ப வேண்டும். பணம் புரளும் விஷயமென்றால் நிதித் துறை தன் ஆட்சேபத்தை எழுதும். சட்டச் சிக்கல் இருந்தால் சட்டத் துறை எழுதும். அந்த ஆட்சேபங்களோடும் அவற்றுக்கான விளக்கங்களோடும் குறிப்பு அமைச்சரவையின் முன்னால் வரும். தன் திட்டத்தின்மீது மையல் கொண்ட ஓர் அமைச்சர், அதன்மீது எந்தப் பாசமும் இல்லாத சக அமைச்சர்களின் முன்னால் உட்கார்ந்து அதை நியாயப்படுத்தியாக வேண்டும். முடிவு எடுத்தபின் அது எல்லோருடைய முடிவு; உடன்படாதவர் வெளியே வாய் திறக்கக் கூடாது, திறந்தே ஆக வேண்டுமென்றால் பதவி விலகிவிட்டுத் திறக்கலாம். இத்தனை உரசல்களையும் தாண்டி, மக்களவைக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரு கூட்டத்திலிருந்து வருவதால்தான், யாருக்கும் அப்படிப் பதில் சொல்ல வேண்டியிராத குடியரசுத் தலைவரை அந்த ஆலோசனை கட்டுப்படுத்துகிறது.

இளம் வயதில் சில காலம் நான் தலைமைச் செயலகத்தில் உதவிப் பிரிவு அலுவலராக இருந்தேன். ஓர் அரசாணை வரைவைத் தட்டச்சுக்கு அனுப்பும் அவசரத்தில் இருந்தபோது, எங்கள் பிரிவு அலுவலர் குறிப்புக் கோப்பைத் திறந்து, ‘ஆணைக்காகப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது’ என்ற வரிக்குக் கீழே அமைச்சரின் கையெழுத்து எங்கே என்று கேட்டார். அமைச்சர் ஒப்புக்கொண்டதாகத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள் என்றேன். அவர் வரைவின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அரசாணைகள் எல்லாவற்றின் அடியிலும் அடைப்புக்குறிக்குள் வருகிற ‘ஆளுநரின் ஆணைப்படி’ என்ற வரியைக் காட்டினார். “ஆளுநர் இந்தத் தாளைப் பார்க்கப் போறதில்ல தம்பி. அதனாலதான் பார்க்க வேண்டியவங்க எல்லாரும் பார்த்திருக்கணும்” என்றார். கோப்பு திரும்பிப் போனது. மத்திய அரசிலும் இதுவே ஏற்பாடு. ஆணைகள் குடியரசுத் தலைவரின் பெயரால் வெளியாகும், கீழே கையெழுத்திடுபவர் ஏதோவொரு செயலராகவோ சார்புச் செயலராகவோ இருப்பார். கையெழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது.

இப்போது அந்த 1961-ஆம் ஆண்டு விதிகளில் 12-ஆம் விதிக்கு வாருங்கள். தேவை என்று கருதினால் இந்த விதிகளிலிருந்து விலகிச் செல்லப் பிரதமர் அனுமதிக்கலாம், விலகிச் சென்றதைப் பொறுத்தும் அருளலாம் என்கிறது அது. போர் போன்ற அவசரத்தில் இப்படியொரு வழி வேண்டும்தான். 1975 ஜூன் 25 இரவு, இந்திரா காந்தி இதே விதியைச் சுட்டித்தான் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமதுக்குக் கடிதம் எழுதினார்: விஷயத்தை அமைச்சரவையின் முன் வைக்க விரும்பியதாகவும், இன்றிரவு அது இயலாதென்றும், காலையில் முதல் வேலையாகத் தெரிவித்துவிடுவதாகவும். நெருக்கடிநிலைப் பிரகடனத்தில் அன்றிரவே கையெழுத்தானது. எதிர்ப்பு இயக்கத்தின் தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயணன் விடியுமுன்பே கைது செய்யப்பட்டார். காலை ஆறு மணிக்கு அமைச்சரவை கூடியபோது அது முடிவு செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. தலையசைக்க வேண்டியிருந்தது, அசைத்தது. பலரும் அன்றைய அவலத்தைக் குடியரசுத் தலைவரின் பேனாவில் பார்க்கிறார்கள். நான் அதை அந்த ஆறு மணிக் கூட்டத்தில் பார்க்கிறேன்.

இதை இந்திரா காந்தியின் தலையில் மட்டும் கட்டிவிட்டு நிம்மதியடைய வேண்டாம். 1951-ல் பதவி விலகிய அம்பேத்கர், வேறெங்கோ குழுக்கள் எடுத்த முடிவுகளைப் பதிவு செய்யும் அலுவலகமாக அமைச்சரவை ஆகிவிட்டது என்று தன் விலகல் அறிக்கையில் சொன்னார். குடியரசுக்கு அப்போது இரண்டு வயது நிரம்பவில்லை. 1956-ல் நிதியமைச்சர் சி. டி. தேஷ்முக், பம்பாய் நகரம் பற்றிய முடிவு அமைச்சரவையில் முறையாகப் பரிசீலிக்கப்படவில்லை என்று குற்றம் சாட்டி விலகினார், நேரு மறுத்தார். அன்று பதவியைத் துறந்துவிட்டுச் சண்டை போட ஓர் ஆளாவது இருந்தார். 2019 நவம்பர் 23 அன்று மகாராஷ்டிரத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சியை விலக்கிய அறிவிப்பு அதிகாலை 5.47 மணிக்கு வெளியானது. அமைச்சரவை கூடவில்லை, பிரதமர் அதே 12-ஆம் விதியைப் பயன்படுத்தியிருந்தார். காலை எட்டு மணியளவில் ஒரு முதலமைச்சர் பதவியேற்றார், மூன்று நாள் கழித்து விலகினார். இதில் இருக்கும் அவசரம் நாட்டின் அவசரமா, கட்சியின் அவசரமா? ஒரு தரப்பினர் 1975-ஐ மட்டும் சொல், மறு தரப்பினர் 2019-ஐ மட்டும் சொல் என்று எனக்கு எழுதுவார்கள். இரு தரப்பையும் வரவேற்கிறேன். இருவருமே விதியின் எண்ணைச் சரியாகக் குறிப்பிட்டு எழுதவும்.

1978-ஆம் ஆண்டின் 44-ஆவது திருத்தம் ஒரு கதவை அடைத்தது. கேபினட் அமைச்சர்கள் கூடி எடுத்த முடிவு எழுத்தில் வந்தால் ஒழிய, பிரிவு 352-இன்கீழ் நெருக்கடிநிலையைக் குடியரசுத் தலைவர் பிரகடனம் செய்ய முடியாது. அமைச்சரவையின் ஆலோசனையை மறுபரிசீலனைக்கு ஒருமுறை திருப்பியனுப்பும் உரிமையையும் அதே திருத்தம் அவருக்கு வழங்கியது; மறுபடி வந்தால் ஏற்றாக வேண்டும். 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேச அரசைக் கலைக்கக் குஜ்ரால் அமைச்சரவை பரிந்துரைத்தபோது, குடியரசுத் தலைவர் கே. ஆர். நாராயணன் அதைத் திருப்பியனுப்பினார். அமைச்சரவை மீண்டும் கூடியது, யோசித்தது, பரிந்துரையைக் கைவிட்டது. ‘ரப்பர் ஸ்டாம்ப்’ என்று எழுதும்போது இந்த ஓர் அக்டோபரையாவது நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்வியைப் பாதி வழியில் விட்டுவிட்டேன் என்று தெரிகிறது. எதற்கு அந்தக் கையெழுத்து என்று கேட்டிருந்தீர்கள். பிரிவு 78-இன் மூன்றாவது உட்பிரிவை எடுத்துப் பாருங்கள். ஓர் அமைச்சர் தனியாக முடிவெடுத்து, அமைச்சரவை பரிசீலிக்காமல் விட்ட விஷயம் ஒன்று இருந்தால், அதை அமைச்சரவையின் முன் வைக்கும்படி குடியரசுத் தலைவர் கோரலாம். அப்படிக் கோரினால் வைப்பது பிரதமரின் கடமை. தானாக ஒரு முடிவெடுக்கும் அதிகாரம் குடியரசுத் தலைவருக்கு அதில் கிடையாது. கூடிப் பேசிவிட்டு வாருங்கள் என்று சொல்லும் உரிமை இருக்கிறது. 1975 ஜூன் 25 இரவு வந்த கடிதத்துக்கு, அமைச்சரவை கூடிய பிறகு அனுப்புங்கள் என்று ஒருவர் பதில் எழுதியிருந்தால், தன் வரம்பை அவர் ஓர் அங்குலமும் மீறியிருக்க மாட்டார்.